ஷின்கான்செனில் குடும்பத்தோடு பயணம்: கிரீன் கார் எடுக்கலாமா, சாதாரண வகுப்பே போதுமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பான் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், கூடவே என் அப்பா அம்மா. டோக்கியோவிலிருந்து கியோட்டோ, அங்கிருந்து ஹிரோஷிமா, பிறகு ஒரே மூச்சில் டோக்கியோ. மூன்றுமே ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. அதனால் ஆறு பேருக்கும் முதல் வகுப்பே எடுத்துவிடலாம் என்கிறார் மனைவி. பையன் சும்மா இருக்கிற ரகம் இல்லை. அமைதியான பெட்டியில் அவனை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று எனக்குக் கவலை. காசும் பெரிய தொகையாகத் தெரிகிறது. குடும்பத்தோடு போனவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

யோகோஹாமா தமிழன்:
வாங்க. முதலில் அடிப்படை. ஷின்கான்செனில் முதல் வகுப்புக்குப் பெயர் கிரீன் கார். 1964-இல் டோக்கியோ – ஓசாகா பாதை திறந்தபோது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றுதான் இருந்தது. 1969-இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, முதல் வகுப்பை கிரீன் கார் ஆக்கினார்கள். பெட்டியின் வெளியே நாலிலைச் சின்னம் இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நீங்கள் போகும் டொக்காய்தோ (டோக்கியோ – ஓசாகா) பாதையில் ரயிலுக்குப் பதினாறு பெட்டிகள். அவற்றில் 8, 9, 10 கிரீன். சாதாரணப் பெட்டியில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள். கிரீனில் இரண்டும் இரண்டும். வரிசைக்கு வரிசை இடைவெளி சாதாரணத்தில் 104 செ.மீ., கிரீனில் 116 செ.மீ. இந்த முதல் எண்ணை மனதில் வையுங்கள். விமான எகானமியில் 80 செ.மீ.க்கு மேல் கிடைப்பதே அரிது. சாதாரண வகுப்பிலேயே கால் நீட்ட நல்ல இடம் உண்டு. நம் ஊர் ரயிலை நினைத்துக்கொண்டு "சாதாரணம்" என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கிரீனில் கூடுதலாகக் கிடைப்பது அகலமான இருக்கை, காலை வைத்துக்கொள்ள ஃபுட்ரெஸ்ட், படிப்பதற்குத் தனி விளக்கு. புதிய என்700எஸ் ரயிலில் சாய்க்கும்போது இருக்கையின் அடிப்பகுதியும் சேர்ந்து இறங்கும், இடுப்புக்கு நல்லது. கிரீன் பெட்டிகளில் ஆட்டத்தைக் குறைக்கும் அமைப்பும் மேம்பட்டது.

எண்கணக்கு:
கணக்கை நான் போட்டுத் தருகிறேன். டோக்கியோ – கியோட்டோ, நொசோமி ரயில் (இந்தப் பாதையில் மிக வேகமானது), சாதாரணப் பருவம், தள்ளுபடி எதுவும் இல்லாமல்.

பெரியவருக்குச் சாதாரண ரிசர்வ் இருக்கை 14,170 யென். கிரீன் 19,040. வித்தியாசம் 4,870.

குழந்தைகள் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 6 முதல் 11 வயது வரை பயணக் கட்டணம் பாதி, அதிவேகக் கட்டணமும் பாதி. ஆனால் கிரீன் கட்டணம் மட்டும் குழந்தைக்கும் முழுசு. 401 முதல் 600 கி.மீ. வரையிலான தூரத்துக்கு அது 5,400 யென். ஆகவே உங்கள் மகளுக்குச் சாதாரணத்தில் சுமார் 7,080, கிரீனில் சுமார் 12,220. பெரியவர் கூடுதலாகக் கொடுப்பதைவிடக் குழந்தை கொடுப்பது அதிகம்!

நாலு வயதுப் பையன் மடியில் உட்கார்ந்தால் இரண்டு வகுப்பிலும் இலவசம். தனி ரிசர்வ் இருக்கை வேண்டுமென்றால் அவனுக்கும் அக்காவின் கட்டணமே.

பையனுக்கும் சேர்த்து ஆறு இருக்கை என்றால் சாதாரணம் ஏறத்தாழ 70,800, கிரீன் ஏறத்தாழ 1,00,600. ஒரு வழிக்கு மட்டும் 30,000 யென் வித்தியாசம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு பிள்ளைகளுக்காகக் கொடுப்பது. அவர்களுக்கு அந்த 12 செ.மீ. எந்த வகையிலும் தேவையில்லை.

மழைக்குருவி:
கணக்கு சரிதான். ஆனால் காசை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சாதாரணப் பெட்டிதான் வசதி என்பேன். இரண்டு பிள்ளைகளின் அம்மாவாகச் சொல்கிறேன்.

சாதாரணப் பெட்டியில் ஏ, பி, சி மூன்றும் சேர்ந்தது, டி, ஈ இரண்டும் சேர்ந்தது. இருக்கைகளைத் திருப்பி எதிரெதிராக வைத்துக்கொள்ளலாம். கீழே ஒரு பெடல் இருக்கும், அழுத்தித் தள்ளினால் வரிசையே சுழலும். உங்களுக்கு ஆறு பேர். அடுத்தடுத்த இரண்டு வரிசையில் ஏ, பி, சி எடுத்து ஒன்றைத் திருப்பினால் மொத்தக் குடும்பமும் ஒரே கூட்டில். கிரீனில் அப்படிச் சேர்ந்து உட்காருவது நாலு பேரோடு முடிந்துவிடும், மீதி இரண்டு பேர் நடைபாதைக்கு அந்தப் பக்கம்.

அடுத்தது கைத்தாங்கி. சாதாரண இருக்கைகளுக்கு நடுவே இருப்பதை மேலே தூக்கிவிடலாம், பிள்ளை தூங்கினால் உங்கள் மடிமேல் தலை வைத்துப் படுத்துக்கொள்ளும். கிரீனில் நடுவில் இருப்பது அகலமாக, அசையாமல் நிற்கும். மடியில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அது பெரிய இடைஞ்சல்.

நாலு வயதுப் பையனுக்கு இடம் வாங்கிவிடுங்கள். கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரம், திரும்பும்போது ஹிரோஷிமாவிலிருந்து நாலு மணி நேரம். மடியில் தாங்காது.

நெல்லைச்சீமை:
எல்லாரும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டவர் முதலில் சொன்னது அப்பாவின் முழங்காலை. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வயதானவர்களுக்கு இருக்கை அகலத்தைவிட, எழுந்து உட்காருவதுதான் பாடு. மூன்று பேர் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் கழிவறைக்குப் போக இரண்டு பேரைத் தாண்ட வேண்டும். எழுபது வயதுக்காரர் அதற்குக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்காமல் இருப்பார். என் மாமனார் அப்படித்தான், கேட்டால் "தாகம் இல்லை" என்பார். கிரீனில் இரண்டு இரண்டாக இருப்பதால் யாருக்கும் ஒரே ஒரு ஆள் தாண்டினால் போதும், அந்த ஒரு ஆளும் அம்மாதான். கைத்தாங்கி உறுதியாக இருப்பது அவர்களுக்கு நல்லது, ஊன்றி எழலாம். மழைக்குருவி குறை என்று சொன்னதே இவர்களுக்கு வசதி.

எதிரெதிராகத் திருப்பி உட்காருவதையும் யோசியுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு எதிரே இன்னொருவர் கால் இருந்தால் நீட்ட வழியே இல்லை. குடும்பமாக உட்காருவது அழகுதான், ஆனால் அப்பாவை அந்தக் கூட்டுக்குள் அடைக்காதீர்கள்.

காசு எண்ணுகிற இடம் இதுவல்ல. பெரியவர்களை இவ்வளவு தூரம் கூட்டிப்போவது அடிக்கடி நடக்காது.

காவிரிக்கரை:
நெல்லைச்சீமை அண்ணா, நான் கேட்க நினைத்ததைச் சொல்லிவிட்டீர்கள். அப்பா அம்மாவுக்கு மட்டும் கிரீன், நாங்கள் நாலு பேரும் சாதாரணத்தில் என்று பிரித்தால்? மொழி தெரியாத இடத்தில் அவர்களைத் தனியாக விட மனசு வரவில்லை.

யோகோஹாமா தமிழன்:
பிரிக்கலாம், பெட்டி எண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். 10-ஆம் பெட்டி கிரீன், 11-ஆம் பெட்டி சாதாரணம், இரண்டும் ஒட்டியவை. அப்பா அம்மாவுக்கு 10-இல், உங்களுக்கு 11-இல். ஒரு கதவைத் தாண்டினால் அவர்கள். இருக்கை வரைபடத்தில் இரண்டு பெட்டியும் சேரும் முனைப் பக்கமாக வரிசைகளைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு அவர்களை உட்காரவைத்துவிட்டு வரலாம், நடுவில் போய்ப் பார்க்கலாம்.

11-ஆம் பெட்டிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. சக்கர நாற்காலி இடமும், பால் கொடுக்க, உடம்பு முடியாதவர் சற்றுப் படுக்க என்று ஒரு பல்நோக்கு அறையும் அங்கேதான். நடத்துநரிடம் கேட்டால் திறந்துவிடுவார்.

கிரீனின் மறுமுனையில் இருக்கும் 7-ஆம் பெட்டியைப் பிள்ளைகளோடு எடுக்காதீர்கள். நொசோமியில் அது எஸ் வொர்க் என்ற பெயரில் மடிக்கணினியோடு வேலை செய்பவர்களுக்கானது. புக் செய்யும்போது தெரியாமல் அதில் விழுந்துவிடக்கூடாது.

எண்கணக்கு:
இந்தப் பிரிப்புக்குக் கூடுதல் செலவு கியோட்டோ வரை 9,740 யென் மட்டும். 30,000 எங்கே, இது எங்கே. ஒரு வழிக்கு ஆறு பேருக்கும் கிரீன் எடுக்க ஆகும் அந்தக் கூடுதல் காசில் மூன்று பயணத்திலும் பெரியவர்களுக்குக் கிரீன் எடுத்துவிடலாம், இன்னும் கொஞ்சம் தூக்கிப்போட்டால் போதும்.

எல்லாப் பயணத்துக்கும் எடுக்க மனமில்லை என்றால் எதற்கு எடுப்பது என்றும் சொல்கிறேன். கிரீன் கட்டணம் தூரத்தைப் படிப்படியாகப் பிரித்து வைத்தது. 100 கி.மீ. வரை 1,300, 200 வரை 2,800, 400 வரை 4,190, 600 வரை 5,400, 800 வரை 6,600, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 7,790. சாதாரண ரிசர்வுக்கான 530 யென் இதில் கழிந்துவிடும். கியோட்டோ – ஹிரோஷிமா 380 கி.மீ., ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள், அதற்குக் கூடுதல் 3,660. ஹிரோஷிமா – டோக்கியோ 894 கி.மீ., நாலு மணி நேரம், கூடுதல் 7,260. நேரத்தால் வகுத்தால் தூரப் பயணத்தில்தான் கிரீன் மலிவு. ஒரே ஒரு பயணத்துக்கு எடுப்பதாக இருந்தால் அந்தத் திரும்பும் பயணத்துக்கு எடுங்கள். ஊர் சுற்றிக் களைத்த உடம்பும் அப்போதுதான்.

பயணப்பித்தன்:
வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? கிரீன் பாஸ் எடுத்தால் மொத்தமாக முடிந்துவிடுமே.

எண்கணக்கு:
2023 அக்டோபருக்கு முன் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அப்போது ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென். அந்த மாதம் 50,000 ஆனது, கிரீன் பாஸ் 70,000. இவருடைய மூன்று பயணத்தையும் தனித்தனியாக வாங்கினால் பெரியவருக்குச் சாதாரணத்தில் சுமார் 45,000, கிரீனில் 61,000 சொச்சம். பாஸ் இரண்டிலுமே நஷ்டம். போதாக்குறைக்கு நொசோமியில் ஏற பாஸ்காரர்கள் தனியாகக் கட்ட வேண்டும், டோக்கியோ – கியோட்டோவுக்கு 4,960.

பாஸில் ஒரு நல்ல விஷயம் உண்டு. குழந்தைக்குக் கிரீன் பாஸும் பாதி விலைதான், 35,000. ஆகவே ஒரு வாரத்துக்குள் வடக்கே அவோமோரி, தெற்கே ககோஷிமா என்று அலைகிற குடும்பத்துக்குக் கணக்கு மாறும். இவருக்கு மாறாது.

மழைக்குருவி:
பையன் சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்களே. கிரீனில் குழந்தைகள் வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் வார நாளில் காலை நேர நொசோமி கிரீனில் பெரும்பாலும் அலுவலக ஆட்கள், பலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். யாரும் திட்டமாட்டார்கள், நமக்குத்தான் நிமிடத்துக்கு நிமிடம் "உஷ்" என்று பிள்ளையை அடக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அது பிள்ளைக்கும் தண்டனை, நமக்கும் தண்டனை. சாதாரணப் பெட்டியில் வேறு பிள்ளைகளும் இருக்கும். நெரிசல் காலங்களில் சில நொசோமிகளில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கென்றே ஒரு சாதாரணப் பெட்டியை ஒதுக்குகிறார்கள். உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அழ ஆரம்பித்தால் பெட்டிக்கு வெளியே கதவுப் பக்கம் நின்று சமாதானப்படுத்துவதுதான் அங்கே வழக்கம். போன் பேசுவதும் அங்கேதான்.

நெல்லைச்சீமை:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன், தங்கச்சி. பிள்ளையைக் கிரீனுக்குக் கூட்டிப்போவது தவறு என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. அமைதியான இடத்தில் அமைதியாக இருக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். ஒன்பது வயதுப் பெண்ணைத் தாத்தா பாட்டியோடு கிரீனில் உட்காரவைத்தால் அவள் சமத்தாக வருவாள், அவர்களுக்கும் ஒரு துணை.

மழைக்குருவி:
தவறு என்று சொல்லவில்லை அண்ணா. ஒன்பது வயதுக்கு நீங்கள் சொல்வது நல்ல யோசனை. நான் சொன்னது நாலு வயதுக்கு, துறுதுறுவென்று இருக்கும் பையனுக்கு. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு "அங்க பாரு" என்று கத்தத்தான் அவன் ரயிலேறுகிறான், அதை ஏன் தடுக்க வேண்டும்?

தண்டவாளம்:
ரயில் பைத்தியத்தின் பங்குக்கு ஒன்று. கிரீன் காசு கொடுக்காமலேயே இரண்டும் இரண்டுமான இருக்கை கிடைக்கும் ரயில்கள் உண்டு. ஷின்-ஓசாகாவிலிருந்து ஹிரோஷிமா, ஹக்காதா வழியாகக் கியூஷூ போகும் சகுரா, மிசுஹோ ரயில்கள். எட்டுப் பெட்டி. அதில் 4 முதல் 8 வரையிலான சாதாரண ரிசர்வ் பெட்டிகளிலேயே வரிசைக்கு நாலு இருக்கைதான், ஐந்து இல்லை. அகலமான இருக்கை, சாதாரணக் கட்டணம். இந்த ரயிலில் கிரீன் என்பது 6-ஆம் பெட்டியில் பாதி, வெறும் 24 இடம். குடும்பத்தோடு போகிறவர் அதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. கியூஷூவுக்குள் ஓடும் 800 வரிசை ரயிலில் கிரீனே கிடையாது, எல்லாப் பெட்டியும் இரண்டும் இரண்டும்தான்.

உங்களுக்கு ஒரே சிக்கல், சகுரா கியோட்டோவில் நிற்காது, ஷின்-ஓசாகாவில்தான் புறப்படும். கியோட்டோவில் தங்கினால் நொசோமியில் நேராகப் போய்விடுங்கள், பெரியவர்களை நடுவில் இறக்கி ஏற்ற வேண்டாம். ஹிரோஷிமாவுக்கு முந்தின இரவு ஓசாகாவில் தங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சகுரா. ஒன்றரை மணி நேரம்.

பயணப்பித்தன்:
கிரான் கிளாஸ் என்று ஒன்று இருக்கிறதே, கிரீனைவிட மேல் என்கிறார்கள். இந்தப் பாதையில் கிடைக்குமா?

தண்டவாளம்:
கிடைக்காது. அது வடக்கே அவோமோரி, ஹொக்கைதோ பக்கம் போகும் இ5, எச்5 ரயில்களிலும், கனசாவா, சுருகா பக்கம் போகும் இ7, டபிள்யூ7 ரயில்களிலும்தான். 2011 மார்ச்சில் இ5-ஓடு வந்தது. ஒரு பெட்டி முழுக்க 18 இருக்கை, இரண்டும் ஒன்றும், இடைவெளி 130 செ.மீ. ஹயபுசா, ககயக்கி போன்ற ரயில்களில் பணிப்பெண் சிற்றுண்டியும் குடிக்கவும் கொண்டுவருவார். சில ரயில்களில் இருக்கை மட்டும்தான், சேவை இல்லை.

தம்பதியாகப் போக அருமை. ஆறு பேர் குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன். குழந்தைக்கும் கிரான் கிளாஸ் கட்டணம் முழுசு, வரும் சிற்றுண்டியில் மீனோ இறைச்சியோ இருக்கும். சைவக்காரர்களுக்கு அந்தக் காசு வீண். சாப்பாட்டு விஷயத்தில் பொதுவாகவே கவனம்: நிலையத்தில் விற்கும் எக்கிபென் சாப்பாட்டு டப்பாக்களில் காய் மட்டும் இருப்பதுபோலத் தெரிந்தாலும் வேகவைத்த சாறு மீனில் எடுத்ததாக இருக்கும். அப்பா அம்மா சுத்த சைவம் என்றால் கையில் எடுத்துப்போங்கள். ஷின்கான்செனில் இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நொசோமி, அதற்கு அடுத்த வேகத்தில் போகும் ஹிக்காரி ரயில்களின் சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. கிரீனில் மட்டும் போனில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். தண்ணீர், பால், பிஸ்கட் எல்லாம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவையுங்கள்.

காவிரிக்கரை:
சூட்கேஸ் விஷயம்? இரண்டு பெரியது, மூன்று சின்னது இருக்கும். கிரீனில் வைக்க இடம் அதிகமா?

யோகோஹாமா தமிழன்:
இல்லை, இதில் கிரீனுக்குத் தனிச் சலுகை கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.யைத் தாண்டும் சூட்கேஸுக்கு, பெட்டியின் கடைசி வரிசை இருக்கையை "பெரிய சாமான் இடத்தோடு" என்று புக் செய்ய வேண்டும். 250 செ.மீ. வரை அனுமதி. கூடுதல் காசு இல்லை. புக் செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென் கட்டச் சொல்வார்கள். 2020 மே மாதத்திலிருந்து இந்த விதி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மேல் தட்டில் வைக்கலாம், ஆனால் தூக்கி வைக்க ஆள் வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பெரிய இரண்டையும் டக்யூபின் எனும் பார்சல் சேவையில் அனுப்பிவிடுவேன். ஓட்டல் வரவேற்பில் கொடுத்தால் மறுநாள் கியோட்டோ ஓட்டலில் இருக்கும், ஒரு சூட்கேஸுக்கு மூவாயிரம் யென்னுக்குச் சற்று முன்பின். நடு நிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். முழங்கால் வலிக்காரர், நாலு வயதுப் பையன், அதோடு இரண்டு பெரிய சூட்கேஸ் என்றால் கியோட்டோவில் இறங்குவதே போராட்டம். ஆறு பேருக்கும் கிரீனுக்கு ஆகும் கூடுதல் காசில் ஐந்தில் ஒரு பங்கைச் சாமானுக்குச் செலவழித்தால் எல்லாருடைய கையும் காலியாக இருக்கும். நிலையத்தில் பையன் கையைப் பிடிக்கவும் அப்பாவுக்குத் தோள் கொடுக்கவும் ஆள் இருப்பார்கள். இருக்கை அகலத்தைவிட இதுதான் உங்கள் குடும்பத்துக்கு முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

நெல்லைச்சீமை:
இதில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன்.

பயணப்பித்தன்:
புஜி மலை பார்க்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

தண்டவாளம்:
டோக்கியோவிலிருந்து போகும்போது வலது பக்கம். சாதாரணத்தில் ஈ ஜன்னல், கிரீனில் டி ஜன்னல். கிளம்பி நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் ஷின்-புஜி பக்கம் வரும். மேகம் இல்லாவிட்டால் மலை முழுசாகத் தெரியும்.

காவிரிக்கரைக்கு: இதற்காகவே, 11-ஆம் பெட்டியில் ஏ-பி-சியை விட்டுவிட்டு, அடுத்தடுத்த இரண்டு வரிசையில் டி, ஈ எடுங்கள். நாலு பேர் எதிரெதிரே, ஜன்னல் இரண்டு பிள்ளைகளுக்கும். 10-ஆம் பெட்டியில் அப்பா அம்மாவுக்கு சி, டி. எல்லாரும் மலைப் பக்கம்.

காவிரிக்கரை:
அப்படியே செய்கிறேன். 10, 11 இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்க எப்போது புக் செய்ய வேண்டும்? சென்னையில் இருந்தே முடியுமா?

யோகோஹாமா தமிழன்:
முடியும். ஸ்மார்ட் இஎக்ஸ் செயலியில் ஆங்கிலம் உண்டு, இருக்கை வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், ஒரு புக்கிங்கில் ஆறு பேர் வரை. ஆனால் கிரீனும் சாதாரணமும் ஒரே புக்கிங்கில் வராது, இரண்டாகப் போட வேண்டும். முதலில் கிரீன் இரண்டையும் போட்டுவிட்டு, உடனே அதே ரயிலில் 11-ஐத் திறங்கள். மூன்று நாளுக்கு முன்பே வாங்கினால் சில ரயில்களில் கிரீனுக்குத் தள்ளுபடி இருக்கும், அதையும் பாருங்கள்.

பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனை திறக்கும். நமக்கு அது காலை ஆறரை. நீங்கள் போவது செர்ரி பூக்கும் வாரம், மலைப் பக்க ஜன்னல்கள்தான் முதலில் போகும். ஆறேகாலுக்கே உள்ளே நுழைந்து கார்டு விவரத்தையெல்லாம் சேர்த்து வைத்துவிட்டுத் தயாராக இருங்கள்.